9 வயதுப் பையனின் உடைந்த முன்பல்லை ஒட்டினால் போதுமா, ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டுமா?

சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் பாதி போய்விட்டது, டாக்டர் ஒட்டலாம் என்கிறார், வீட்டுப் பெரியவர்களோ ரூட் கேனால் செய்து கேப் போட்டுவிடு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் பேச்சைக் கேளுங்கள். என் மகளுக்கும் இதே பல், ஏறக்குறைய இதே வயது.

மேல் முன்பற்கள் 7, 8 வயதில்தான் முளைக்கின்றன. வெளியே முழுப் பல்லாகத் தெரிந்தாலும் உள்ளே வேர் வளர்ந்து நுனி மூட அதற்குப் பிறகு 3 வருடம் போல ஆகும். அந்த வேரை வளர்ப்பது பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள சதை. நாம் நரம்பு என்கிறோமே, அதுதான். இப்போதே ரூட் கேனால் செய்து அதை முழுதாக எடுத்துவிட்டால் வேர் மெல்லிய சுவரோடு அப்படியே நின்றுவிடும். பின்னால் சின்ன அடி பட்டாலும் முறியலாம். என் மகளுக்கு உடைந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, அதாவது நரம்பு வெளியே வந்திருந்தது. அப்போதும் ரூட் கேனால் செய்யவில்லை. மேலாக 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சதையை எடுத்து, மருந்து வைத்து மூடி, மேலே கம்பாசிட் என்ற பல் நிறப் பசையால் பல்லைக் கட்டிவிட்டார்கள். வேர் தொடர்ந்து வளர்ந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது.

கேப்புக்கு நல்ல பல்லையும் சுற்றிலும் ராவ வேண்டும். இந்த வயதில் நரம்பு அறை பெரிது, ஈறும் இன்னும் தன் கடைசி இடத்துக்கு வந்து நிற்கவில்லை. அது 18 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

உடைந்த துண்டு கையில் இருக்கிறதா? காயவிடாமல் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போங்கள், அதையே ஒட்டலாம். துண்டும் காணோம், உதடும் கிழிந்திருக்கிறது என்றால் உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மண்ணில் விழுந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி (டிடி) பற்றியும் கேளுங்கள்.

ஒட்டியதோடு வேலை முடியாது. 6 முதல் 8 வாரத்தில் ஒருமுறை, அப்புறம் ஒரு வருடத்தில் காட்ட வேண்டும்; நரம்பு வெளியே வந்திருந்தால் நடுவில் 3, 6 மாதத்திலும் காட்ட வேண்டும். நடுவில் பல் சாம்பல் நிறமானாலோ ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தாலோ உடனே போங்கள். கரும்பை முன்பல்லால் கடிக்கவே விடாதீர்கள், கம்பாசிட் பெயர்ந்துவிடும்.

நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் கதை வேறு. வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து, லேசாக அலசி, அதே குழியில் அப்போதே செருகிவிட வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பால் பல்லை மட்டும் திரும்பச் செருகவே கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல்லைக் கெடுத்துவிடலாம்.