லினக்ஸ் வகுப்புக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகன் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டான். விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸைக் கற்பிக்கும் வகுப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சங்கிலியை அடகு வைக்கலாமா என்கிறீர்கள். இப்போது வேண்டாம். லினக்ஸ் தெரிந்தால் வேலை உண்டு என்று பயிற்சி மையத்தார் சொன்னது பொய்யில்லை. இணையத்தளங்களைத் தாங்கும் சர்வர் கணினிகளில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. சர்வர்களை வைத்துப் பராமரிக்கும் டேட்டா சென்டர் வேலைக்குச் சிறுசேரி வரை போகவேண்டும் என்றும் இல்லை, அம்பத்தூரிலேயே இருக்கின்றன. ஆனால் முதல் நேர்காணலில் திணற வைக்கும் கேள்விகள் கோப்புகளையும் சின்னக் கட்டளைகளையும் பற்றியவை. அவற்றை வீட்டிலேயே கற்கலாம். அடுத்த சில பத்திகளைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, பழைய மடிக்கணினியே போதும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றினால், விண்டோஸைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, உன் பேட்டையின் பெயரையே எழுத்தையும் பைட்டையும் எண்ணிச் சொல்லும் டபிள்யூசி (wc) கட்டளைக்குக் கொடு. 'கொருக்குப்பேட்டை' என்பதில் நம் கண்ணுக்கு எட்டு எழுத்துகள். யூனிகோடு கணக்கில், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 16 குறியீடுகள். அவற்றைக் கணினியில் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 48 பைட். கொடுத்த சொல்லை அப்படியே வெளியிடும் எக்கோ (echo) கட்டளை வழியாக அனுப்பினால் 49 என்று காட்டும். வரி முடிவுக்குறி சேர்ந்துகொள்கிறது. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று தானே கண்டுபிடிக்கிற பையனை நான் தயங்காமல் நேர்காணலுக்கு அனுப்புவேன்.

இன்னும் ஒரு படி போ. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் 51 பைட். இரண்டு விதமாகவும் கோப்பு உருவாக்கினால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளை ஒரே பெயரில் இரண்டு கோப்புகளைக் காட்டும்! வழக்கமான லினக்ஸ் கோப்பு முறைமைக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. அதற்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சாய்கோடும் (/) மதிப்பு 0 ஆன சுழி பைட்டும் தவிர எதையும் பெயரில் ஏற்கும். நீளம் மட்டும் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் அது 85 குறியீடு. விண்டோஸில் நீளமான தமிழ்ப் பெயர் வைத்த கோப்பை லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று மறுப்பது இதனால்தான்.

ஆங்கிலப் பெயரென்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனி; லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. உன் விண்டோஸில் நன்றாகத் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போனால், முதலில் இதைச் சந்தேகப்படு.

அழிக்கும் கட்டளையான ஆர்எம்மிடம் (rm) மட்டும் பயம் இருக்கட்டும். டெர்மினலில் அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது. இடைவெளி உள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால் அதை இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். ஒரு வகைக் கோப்புகளை மட்டும் அழிக்க *.txt என்று எழுதும்போது நட்சத்திரக் குறிக்கும் அடுத்துவரும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால், அந்த அடைவில் இருக்கும் கோப்புகள் எல்லாம் போய்விடும். புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகள் மட்டும் தப்பும். நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, நீ தட்டும் கட்டளையை முதலில் வாங்கிப் படிக்கும் ஷெல். ஆர்எம் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. இதை விளக்கத் தெரியாமல் நூறு கட்டளைகளை ஒப்பிப்பதில் பயனில்லை. கட்டளைகளை அகரவரிசையில் அச்சடித்து விற்கும் நோட்டுகள் எனக்கு அறவே பிடிக்காது. ஐயம் வந்தால் கட்டளைகளின் கையேட்டைக் காட்டும் மேன் (man) கட்டளை இருக்கிறது. தமிழில் கேட்டுப் படிக்க, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இலவசம்.

அம்மா, இரண்டு மாதம் அவன் இப்படிப் பழகட்டும். அதன்பிறகும் ஆர்வம் இருந்தால் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போது மையத்தாரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: தருவது அவர்கள் அச்சடித்த சான்றிதழா, லினக்ஸ் மென்பொருள் வழங்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) சான்றிதழ்த் தேர்வுக்கான பயிற்சியா? அந்தத் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இல்லை; ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணமும் அந்த 40,000-க்குள் அடக்கம் என்றால் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்துகிறவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

இரவுப் பணி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். சர்வர் வேலையில் பெரும்பாலும் உண்டு. போக வர வண்டி கொடுப்பார்களா என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.