கோதுமை பிரெட் ஏன் செங்கல் ஆகிறது? - வாசகர் கேள்வி பதில்

மைதா கலக்காமல், முழுக் கோதுமை மாவில் வீட்டிலேயே பிரெட் செய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஆட்டா மாவை நன்றாகப் பிசைந்து, இரண்டு முறை உப்ப வைத்துத்தான் பிரெட் சுட்டேன். செங்கல் மாதிரி வந்தது. அரை நாளும் போய்விட்டது. சீக்கிரம் செய்ய வழி உண்டா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் பிசைந்தது சப்பாத்தி மாவு. சிக்கல் அங்கேதான். மாவு கையில் ஒட்டக் கூடாது என்று சப்பாத்தியில் பழகிய கை, பிரெட் மாவு கொஞ்சம் ஒட்டினாலும் இன்னொரு பிடி மாவைத் தூவிவிடும். ஆனால் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசையும்போது சரியாக இருந்த மாவு அரை மணியில் இறுகிப்போகும். இறுகின மாவை ஈஸ்ட் விடும் வாயுவால் தூக்க முடியாது. மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனின் இழைகளைத் தவிட்டுத் துணுக்குகள் அறுத்துக்கொண்டே இருப்பதால், மைதா மாதிரி இரண்டு முறை உப்பி எழும் தெம்பும் ஆட்டாவுக்குக் குறைவு.

ஆகவே பிசையவே வேண்டாம். ஒரு முறை உப்பினால் போதும். 1940களில் இங்கிலாந்தில் டோரிஸ் கிராண்ட் என்பவர் பரப்பிய முறை இது; அங்கே இன்றும் கிராண்ட் லோஃப் என்றுதான் சொல்கிறார்கள். நம் ஆட்டாவுக்கு ஏற்ற அளவைத் தருகிறோம்.

400 கிராம் ஆட்டா, 6 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் (இரண்டு டீஸ்பூன்), 8 கிராம் தூள் உப்பு (ஒன்றரை டீஸ்பூன்), ஒரு டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் போட்டுக் கலந்துகொள்ளுங்கள். 340 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் இரண்டு டீஸ்பூன் வினிகரும் விட்டு, மாவின் நடுவே ஊற்றி, மரக்கரண்டியால் இரண்டு நிமிடம் அடித்துக் கிளறுங்கள். பிறகு பத்து நிமிடம் மூடி வையுங்கள். தவிடு குடிக்கிற தண்ணீரைக் குடித்த பிறகுதான் உண்மையான பதம் தெரியும். மெதுவடைக்கு அரைத்த உளுந்து மாவு பதம் வேண்டும். கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் தயங்கித் தயங்கி விழ வேண்டும்; ஈரக் கையால் தொட்டால் உருவம் பிடிக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் இருபது, முப்பது மில்லி தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். சக்கியில் (கல் எந்திரத்தில்) அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நசுங்கி உடைவதால் நம்மூர் ஆட்டா தண்ணீரை நிறையவே இழுக்கும். தண்ணீரைக் கூட்டப் பயப்படாதீர்கள். எக்காரணம் கொண்டும் மாவைக் கூட்டாதீர்கள்.

எட்டரை அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் உள்ள பிரெட் டின்னில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போட்டு, மாவை வழித்து விடுங்கள். ஏறத்தாழ பாதி டின் நிறையும். ஈரக் கையால் மேலே நீவிச் சமப்படுத்தி மூடி வையுங்கள். அறை 30 டிகிரி இருந்தால் 35 முதல் 45 நிமிடத்தில் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வந்து நிற்கும். அவ்வளவு போதும். இரண்டு மடங்கு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாவு டின்னில் முக்கால்வாசி ஏறும்போதே அவனை 200 டிகிரியில் சூடாக்கத் தொடங்கி, அதே சூட்டில் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். மேல்பக்கம் சீக்கிரம் கறுத்தால் ஒரு அலுமினியத் தாளை மேலே போர்த்துங்கள். டின்னிலிருந்து எடுத்து அடிப்பக்கத்தை விரலால் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டியது போல ஒலிக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள்: 95 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. மத் மத்தென்று ஒலித்தால் டின் இல்லாமல் இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள்.

முழுசும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும். கைவேலை பத்தே நிமிடம். ஆனால் வெட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தாக வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே மாவு இன்னும் இறுகியிருக்காது. கத்தியில் களி மாதிரி அப்பிக்கொள்ளும். வேகவில்லை என்று நினைக்கும் பல பிரெட்டுகள் சீக்கிரம் வெட்டப்பட்டவைதான்.

கேள்வி: கப் அளவில் செய்யலாமா? எடைபோடும் தராசு இல்லை. - வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யலாம், ஆனால் ஒரு முறை போல மறுமுறை வராது. 240 மில்லி கப்பில் ஆட்டாவைக் கரண்டியால் அள்ளித் தளர்வாக நிரப்பினால் 120 கிராம் சுமார். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 வரை போகும். மூன்று கப்பில் 90 கிராம் வித்தியாசம்! இந்த அளவுக்குத் தளர்வாக நிரப்பிய மூன்றே கால் கப் எடுத்து, பதத்தைக் கண்ணால் பார்த்துத் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். அடிக்கடி செய்வதாக இருந்தால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பிரெட்டுக்கு அதைவிட உதவும் கருவி வேறில்லை.

கேள்வி: ஈஸ்ட் பாக்கெட் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? - வாசகர், ஈரோடு

பதில்: கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் சர்க்கரை கரைத்து ஒரு டீஸ்பூன் ஈஸ்டைத் தூவுங்கள். பத்து நிமிடத்தில் நுரை திரண்டு மேலே எழும்பினால் நல்லது. நாலைந்து குமிழி மட்டும் வந்தால் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் விரலுக்கு இதமாக, 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும். 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மணி மணியாக இருக்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் 6 கிராமுக்குப் பதில் 8 கிராம், முதலில் தண்ணீரில் ஊற வைத்து. பேக்கரியில் கட்டியாக வாங்கும் ஈர ஈஸ்ட் என்றால் 18 கிராம்.

கேள்வி: அவனில் வைக்கும்போது அழகாக எழும்பி நிற்கிறது. வெளியே எடுத்தால் நடுவில் குழி. சாராய வாடையும் அடிக்கிறது. - வாசகி, சென்னை

பதில்: அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. உப்பிய மாவுக்குள் குமிழிகள் பெருத்து, சுவர் மெலிந்து, சூடு பட்டதும் தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறது. சென்னை மே மாதத்தில் 45 நிமிடம் என்ற கணக்குச் செல்லாது. 25 நிமிடத்திலேயே தயாராகிவிடும். கடிகாரத்தை விட்டுவிட்டு டின்னின் விளிம்பைப் பாருங்கள். ஈர விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். அப்படியே பள்ளமாக நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. வெயில் காலத்தில் ஈஸ்டை 4 கிராமாகக் குறைத்து, வெந்நீருக்குப் பதில் பானைத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இதன் நேர்மாறு: அணைத்து வைத்த அவனுக்குள் டின்னையும், பக்கத்தில் ஒரு கிண்ணம் கொதிநீரையும் வைத்து மூடுங்கள்.

கேள்வி: மறுநாள் பிரெட்டைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று நூல் மாதிரி இழுக்கிறது. பழுத்துப்போன அன்னாசி வாசனை வருகிறது. பூஞ்சணம் எதுவும் இல்லை. சாப்பிடலாமா? - வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சாப்பிடவே வேண்டாம். பழைய சாம்பார் நூல் விட்டால் ஊசிப்போய்விட்டது என்போமே, உங்கள் பிரெட்டும் ஊசித்தான் போயிருக்கிறது. மண்ணிலிருந்து தானியத்தின் மேல் தோலில் ஒட்டிக்கொண்டு வரும் பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் வேலை இது. அதன் வித்துகள் அவன் சூட்டிலும் சாவதில்லை. பிரெட்டின் உட்புறம் நூறு டிகிரியைக்கூட எட்டாதல்லவா? வெளியே எடுத்த பிறகு, ஈரமும் வெதுவெதுப்பும் நீடிக்கும் நடுப்பகுதியில் அவை முளைத்து, மாவுச்சத்தைக் கரைத்துப் பசையாக்கிவிடும். முதலில் வாசனை வரும், பிறகுதான் நூல். தோலோடு அரைபடும் மாவு என்பதால் ஆட்டாவில் இந்தத் தொல்லை மைதாவைவிட அதிகம். கடலோரப் புழுக்கம் அதற்குத் தோது.

இதற்குத்தான் முதல் பதிலில் வினிகர் சொன்னோம். ருசிக்காக அல்ல. புளிப்பான மாவில் அந்த வித்துகள் முளைக்கத் திணறும். வினிகரை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன் விடலாம். சுட்டதும் கம்பி வலைமேல் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் படும்படி ஆற விடுங்கள். சூட்டோடு துணியில் சுற்றுவதும் டப்பாவில் அடைப்பதும்தான் பெரும்பாலும் வினையாகிறது. ஊசிப்போன பிரெட்டை வெட்டிய பலகை, கத்தி, டின் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரால் துடைத்து வெயிலில் காய வையுங்கள். இல்லையென்றால் அடுத்த பிரெட்டுக்கும் அது தொற்றும்.

சாதாரணமாக இந்த பிரெட் வெளியில் இரண்டு நாள் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சணம் சீக்கிரம் வராது, ஆனால் அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி வறவறவென்று ஆகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் சூடாக்குவதுதான் நல்லது.

கேள்வி: அவன் இல்லை. குக்கரில் செய்யலாமா? - வாசகி, விருதுநகர்

பதில்: பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் நெடுநேரம் காய வைப்பது அந்தக் குக்கருக்கே கேடு. அடிகனமான பழைய தேக்சா எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த மணல் அல்லது கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலி வைத்து, இறுக்கமான மூடி போட்டு, நடுத்தரத் தீயில் 15 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு டின்னை உள்ளே இறக்கி, தீயைத் தணித்து 45 முதல் 50 நிமிடம். முதல் அரை மணி மூடியைத் திறக்க வேண்டாம். மேலே சூடு படாததால் உச்சி வெளுத்தே இருக்கும். வெந்த பிரெட்டைத் தோசைக்கல்லில் கவிழ்த்து மூன்று நிமிடம் வைத்தால் சிவந்துவிடும்.

கேள்வி: ஈஸ்டே இல்லாமல்? - வாசகர், சேலம்

பதில்: அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு செய்யும் சோடா பிரெட் இருக்கிறது. 300 கிராம் ஆட்டா, முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு மூன்றையும் சலித்து, 280 மில்லி புளித்த கெட்டி மோர் விட்டு அரை நிமிடம் கிளறி, உருட்டி, மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவைபோல் கீறி, 200 டிகிரியில் 40 நிமிடம். மோரின் புளிப்பு பட்ட நொடியே சோடா பொங்கத் தொடங்கிவிடும். எனவே அவன் சூடான பிறகுதான் மோரை ஊற்ற வேண்டும். சோடா கூடினால் சோப்பு ருசி அடிக்கும், உள்ளே பழுப்புப் புள்ளிகளும் தெரியும். இது அன்றைக்கே தீர வேண்டிய பிரெட்.

கேள்வி: மாவு மில்லில் அரைத்த கோதுமை, சம்பா கோதுமை இரண்டில் எது நல்லது? - வாசகி, தென்காசி

பதில்: சாதாரணக் கோதுமைதான். சம்பா கோதுமையின் குளூட்டனுக்கு இழுவை குறைவு. அல்வாவுக்கும் ரவைக்கும் அருமை, பிரெட்டில் தனியாகப் போட்டால் எழும்பாது. ஆசைக்குக் கால் பங்கு கலக்கலாம். மில்லில் உங்களுக்கு முன்னால் அரிசியோ கேழ்வரகோ அரைத்திருந்தால் முதலில் விழும் ஒன்றிரண்டு பிடியைத் தோசைக்கு ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் குளூட்டன் கிடையாது. மாவு சூடாக வந்தால் பரப்பி ஆற்றிய பிறகே டப்பாவில் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோதுமை முளையின் எண்ணெய் சிக்கு வாடை பிடித்தால் பிரெட் கசக்கும்.

கேள்வி: மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. கடை பிரவுன் பிரெட்டைவிட இது தேவலையா? - வாசகி, மதுரை

பதில்: என்ன போட்டோம் என்பது தெரியும், அந்த வகையில் தேவலை. கடையில் வாங்கினால் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் இருக்கும். மைதா முதலில் இருந்து, 150 என்ற எண்ணோடு காரமல் நிறமும் இருந்தால் பழுப்பு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். ஆனால் முழுக் கோதுமை பிரெட் என்பதாலேயே இரத்தச் சர்க்கரை ஏறாது என்று எண்ண வேண்டாம். நைஸாக அரைத்த மாவு வேகமாகத்தான் செரிக்கும். இந்த பிரெட்டை 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் 33 கிராம் ஆட்டா, அதாவது ஒரு சப்பாத்திக்குச் சற்றுக் கூட. சப்பாத்தியை எண்ணுவது போலவே துண்டையும் எண்ணிக் கொடுங்கள். எத்தனை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: இந்திய முறைப்படி கோதுமை மாவில் பாண் (பிரெட்) செய்தேன். 400 கிராமுக்கு 340 மில்லி தண்ணீர் விட்டதில் கூழாகிவிட்டது. - வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இலங்கையில் கோதுமை மா என்று கடையில் கேட்டால் வெள்ளை மாவைத்தான் தருவார்கள், இங்கே அதற்கு மைதா என்று பெயர். அதற்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம். ஆட்டா மா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை மாதான் கையில் இருக்கிறதென்றால் தண்ணீரை 260 மில்லியாகக் குறைத்து, பத்து நிமிடம் நன்றாகக் குழைத்து, இரண்டு முறை பொங்க விடுங்கள். பிசையாமல், ஒரே முறை பொங்கவிட்டுச் சுடும் இந்தச் சுருக்கவழி ஆட்டாவுக்கானது.