மாஸ் ஸ்பெக்கில் புரதம்: கேள்வி பதில்

புரத மாதிரிகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. வந்திருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இது எடை பார்க்கும் கருவிதானே? வெறும் எடையை வைத்துப் புரதத்தின் பெயரை எப்படிச் சொல்கிறீர்கள்?

முழுப் புரதத்தின் எடையை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம்தான். அதனால் முதலில் வெட்டுகிறோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. டிரிப்சின் என்ற நொதி, அந்தச் சங்கிலியில் லைசின் அல்லது அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் வரும் இடத்தை அடுத்து வெட்டும். கிடைக்கும் துண்டுகள்தான் பெப்டைடுகள். கருவி ஒரு பெப்டைடை எடை பார்க்கும். பிறகு அதையே தனியாகப் பிரித்து, வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கும். உடைந்ததை எடைவாரியாக அடுக்கினால் ஏணிப் படிகள் போல வரும். இரண்டு படிகளுக்கு நடுவே 57.02 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இருந்தால் அங்கே கிளைசின் என்ற அமினோ அமிலம், 71.04 என்றால் அலனைன். நடைமுறையில் மென்பொருள் இந்த ஏணியை, தெரிந்த புரத வரிசைகளோடு ஒப்பிட்டுப் பொருத்துகிறது. லூசினும் ஐசோலூசினும் மட்டும் அச்சு அசலாக ஒரே எடை. வழக்கமான முறையில் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

கேள்வி: புரதத்தைச் சூடாக்கினால் சிதைந்துவிடுமே, மேடம். வாயு நிலைக்கு எப்படிக் கொண்டு போகிறார்கள்?

இந்தத் துறையே பல காலம் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. 1980களில்தான் வழி திறந்தது. ஜான் ஃபென், கரைசலை உயர் மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய ஊசி வழியாகத் தெளிக்கவிட்டார். துளிகள் காய்ந்து சுருங்கச் சுருங்க, மின்னூட்டம் ஏறிய புரதம் சேதமில்லாமல் வெளியே வருகிறது. கொய்ச்சி தனக்கா லேசரை வைத்து அதைச் செய்துகாட்டினார். 2002 வேதியியல் நோபலில் இருவருக்கும் பங்கு உண்டு.

ஃபென் வழியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. கருவி அளப்பது நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. 20,000 டால்டன் புரதம் 20 புரோட்டான்களை ஏற்றுக்கொண்டால் அது 1001க்குப் பக்கத்தில் தெரியும். அதாவது, சின்ன மூலக்கூறுகளுக்காகச் செய்த கருவியிலேயே பெரிய புரதத்தையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: எலி செல்லின் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, அதில் ஒரு பட்டையை வெட்டி அனுப்பினேன். பட்டியலில் முதலில் நிற்பது மனிதக் கெரட்டின்! ஏன்?

அது பெரும்பாலும் உங்கள் தோலிலிருந்தோ முடியிலிருந்தோ வந்தது. அறையின் தூசியிலும் அது நிறையவே இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் இப்படி மூன்று வார மாதிரிகளை இழந்திருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் விரிவாகச் சொல்கிறேன். கையுறை போட்டபின் முகத்தையோ முடியையோ தொட்டால் உடனே மாற்றுங்கள். பட்டையைத் திறந்த மேசையில் வெட்டாதீர்கள். பலரும் பயன்படுத்தும் சாயத் தட்டு வேண்டாம். ஜெல்லின் காலியான ஓர் இடத்திலும் ஒரு துண்டு வெட்டி, அதே முறையில் ஓட்டுங்கள். எது வெளியிலிருந்து வந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். ஆனால் நீங்கள் ஆராய்வது தோல் செல் என்றால், கெரட்டினைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடக் கூடாது.

இன்னொன்று, டிரைட்டான் போன்ற சோப்புப் பொருட்கள். ஸ்பெக்ட்ரத்தில் 44 டால்டன் இடைவெளியில் வரிசையாகச் சிகரங்கள் தெரிந்தால் அதுதான். பெப்டைடுகளின் சிக்னலை அது அமுக்கிவிடும்.

கேள்வி: நான் தேடிய புரதம் பட்டியலில் இல்லை. செல்லில் அது இல்லை என்று கட்டுரையில் எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். ‘இந்த ஓட்டத்தில் தென்படவில்லை’ என்று மட்டும்தான் எழுத முடியும். இரத்தப் பிளாஸ்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின். மிக அரிதான புரதங்களோ அதைவிட ஆயிரம் கோடி மடங்கு குறைவு. டிஎன்ஏவை பிசிஆரில் பெருக்குவது போலப் புரதத்தைப் பெருக்க வழியில்லை. வழக்கமான ஓட்டத்தில் கருவி, பலமான சிக்னல்களைத்தான் முதலில் உடைக்கத் தேர்ந்தெடுக்கும். மெலிந்தவை வரிசையிலேயே நின்றுவிடும். சில சவ்வுப் புரதங்களில் டிரிப்சின் வெட்டும் இடங்களே குறைவு என்பதால் துண்டுகள் அளவுக்கு மீறி நீளமாகி, கருவியின் கண்ணில் படாமல் போகின்றன.

உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும் என்றால், அந்தப் புரதத்தின் ஒரு பெப்டைடைக் கனமான ஐசோடோப்புகளோடு செயற்கையாகச் செய்து வாங்கி, தெரிந்த அளவில் மாதிரியில் கலந்து, அதை மட்டும் குறிவைத்து அளக்கச் சொல்லுங்கள். அப்போது இவ்வளவுக்குக் கீழே என்றாவது எண்ணோடு சொல்லலாம்.

கேள்வி: கண்டுபிடித்த பெப்டைடுகளின் பட்டியலில் ‘1% தவறு’ இருக்கலாம் என்று மென்பொருள் சொல்கிறது. அது எப்படித் தெரியும்?

உண்மையான வரிசைகளோடு, அவற்றைத் திருப்பிப் போட்ட போலி வரிசைகளையும் தேடலில் சேர்க்கிறோம். போலியில் எத்தனை பொருந்துகிறதோ, உண்மையிலும் ஏறக்குறைய அத்தனை தற்செயல் பொருத்தங்கள் இருக்கும் என்று கணக்கு. பெப்டைடு அளவில் 1% என்றால் புரத அளவிலும் அதே 1% என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டினால் போதுமா?

போதாது. அது கருவி எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். தனித்தனியாக வளர்த்த செல்கள், தனித்தனி விலங்குகள் வேண்டும். அப்புறம், கட்டுப்பாட்டு மாதிரிகளை எல்லாம் ஒரு நாளிலும் மருந்து கொடுத்தவற்றை மறுநாளிலும் ஓட்டாதீர்கள். நாளுக்கு நாள் கருவியின் உணர்திறன் மாறும். அந்த மாற்றத்தை மருந்தின் விளைவு என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டையும் கலந்து, குலுக்கல் வரிசையில் கொடுங்கள்.