டவர் ஸ்பீக்கர் 45 ஹெர்ட்ஸ் வரை கீழே போகும் என்றால் கிராஸோவரை 40இல் வைக்கலாமா? ஏன் எல்லாரும் 80 என்கிறார்கள்?

வேண்டாம். ரிசீவரின் (ஸ்பீக்கர்களுக்கெல்லாம் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) மெனுவில் ஸ்பீக்கரை "ஸ்மால்" என்று போட்டு, கிராஸோவரை, அதாவது எந்த எண்ணுக்குக் கீழே உள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80இல் வையுங்கள். அவசரம் என்றால் இதோடு போய்விடலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் என் கதைதான் உங்களுடையதும் என்று தோன்றுகிறது. ஆசை ஆசையாய் இடுப்பு உயரத்துக்கு டவர் வாங்கியாயிற்று, அதைப் போய் "ஸ்மால்" என்று சொல்ல மனசு வரவில்லை, அப்படித்தானே?

எனக்கும் வரவில்லை. முன்னால் இருக்கும் இரண்டையும் "லார்ஜ்" என்று மாற்றி, பக்கத்தில் சப்வூஃபரையும் (அடிபாஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். பாட்டுப் போட்டால் சப் ஊமையாகக் கிடக்கும். லார்ஜ் என்று போட்டால் அந்த ஸ்பீக்கர்களின் பாஸ் சப்புக்குப் போகாது, எல்எஃப்இ தடத்தில் (படங்களின் ஒலியில் அடிபாஸுக்கென்றே இருக்கும் தனித் தடம்) இருப்பதுதான் போகும், ஸ்டீரியோ பாட்டில் அந்தத் தடமே கிடையாது என்பதெல்லாம் அப்போது தெரியாது. சப் கெட்டுவிட்டது என்று நினைத்து வயரை மாற்றினேன். சிரிக்காதீர்கள்.

ஸ்மால், லார்ஜ் என்பது பெட்டியின் உயரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அடிபாஸைச் சப்பிடம் ஒப்படைக்கிறீர்களா இல்லையா, அவ்வளவுதான். 80 ஹெர்ட்ஸில் வரும் அதே சத்தம் 40இல் வர வேண்டுமானால் ஸ்பீக்கரின் கோன் (சத்தம் எழுப்ப ஆடும் கூம்பு) நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஆறரை இஞ்ச் கோனை அப்படி ஆட்டிக்கொண்டே அதிலேயே குரலும் தெளிவாக வர வேண்டும் என்றால் எப்படி? அட்டையில் போட்டிருக்கும் 45 என்பதும் பெரும்பாலும் சத்தம் ஏற்கெனவே 3 டெசிபல், சில சமயம் 6 டெசிபல் விழுந்துவிட்ட இடம். கிராஸோவரை அதற்கும் கீழே 40இல் வைத்தால் நடுவில் ஸ்பீக்கரும் முழுசாகத் தராது, சப்பும் தராது.

80 ஒன்றும் மந்திர எண் இல்லை. திரையரங்க ஒலிக்குத் தரம் வகுக்கும் டிஹெச்எக்ஸ்காரர்கள் பரிந்துரைத்தது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலு மீட்டருக்கும் மேல், அந்த 80க்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கஷ்டம். அதனால் சப் மூலையில் இருந்தாலும் திரையிலிருந்து வருவது போலவே இருக்கும். மேலே போனால் என்ன ஆகும் என்பதையும் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். லார்ஜ் தப்பு என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு ஒரே தாவாகத் தாவி 150இல் வைத்தேன். ஆண் குரலின் அடிப்படைச் சுரமே ஏறக்குறைய 85இலிருந்து 180க்குள்தான். அப்பா வந்து செய்தி பார்க்க உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, திரையை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பித் திரைச்சீலை பக்கமாகவே பார்க்கிறார். "யார்டா அங்க பேசறது?" சப் அங்கேதான் இருந்தது. செய்தி வாசிப்பவரின் பாதிக் குரல் அந்த மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

சரி, 80க்கு வந்தேன். அப்பவும் வெடிச் சத்தங்களில் ஒரு பொக்கை. சப்பின் சத்தத்தைக் கூட்டினால் தரை அதிர்கிறது, நெஞ்சில் இடிக்க வேண்டியது இடிக்கவில்லை. ஒருநாள் ஒட்டடை அடிக்கப்போய் சப்பின் முதுகில் டார்ச் அடித்துப் பார்த்தால், தூசி படிந்த ஒரு திருகு 60ஐக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சப்பிலேயே ஒரு கிராஸோவர்! ரிசீவர் 80க்கு மேலே வெட்டியதை இது 60இல் மறுபடி வெட்டியிருக்கிறது. அதை இருப்பதிலேயே பெரிய எண் வரை திருப்பிவிட்டேன் (சில சப்பில் எல்எஃப்இ என்றே ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டாலும் போதும்). ஒரு வருஷத்துக்கு மேல் அமுங்கிக் கிடந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. தயவுசெய்து வேறு எதையும் தொடும் முன்னால் இந்தத் திருகைப் பாருங்கள்.

அப்புறம் சப்பில் இருக்கும் ஃபேஸ் சுவிட்ச், அதாவது சப்பின் அலை ஸ்பீக்கரின் அலையோடு சேர்ந்து ஆடுகிறதா, எதிராக ஆடுகிறதா என்பதை மாற்றுவது. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, சப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும்போது வேறு யாரையாவது விட்டு 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் அதிகமோ அது சரி. என் மகள் இதற்குக் கூலி கேட்டாள், அது வேறு கதை. மைக்கும் மென்பொருளும் வைத்து அளக்காமல் இதெல்லாம் என்ன முறை என்று சிலர் வருவார்கள். அளந்தால் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. கேட்டவர் கையில் மைக் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டியிருந்தால், அது கொடுத்த கிராஸோவரை மேலே ஏற்றலாம், கீழே இறக்க வேண்டாம். நிறைய ரிசீவர்களில் அந்த எண்ணுக்குக் கீழே ஸ்பீக்கருக்குத் திருத்தமே இருக்காது. சப் மூன்று மீட்டரில் இருக்க, ரிசீவர் ஐந்து என்று காட்டினாலும் விட்டுவிடுங்கள், சப்புக்குள் இருக்கும் மின்னணுவின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. எங்கள் வீட்டில் மாட்ட வந்த ஆள் டேப் வைத்து அளந்து அதைத் "திருத்தி"விட்டுப் போனார். வயர் எட்டவில்லை என்று சப்பை மூலையில் தள்ளியதும் அவர்தான். மொத்தம் 20 நிமிஷம், கூலி மட்டும் முழுசாக. இது போதாதென்று அடுத்து வந்த சாஃப்ட்வேர் அப்டேட் எல்லா செட்டிங்கையும் துடைத்துவிட்டது, இப்போது நான் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மெனுவில் "எல்எஃப்இ லோ பாஸ்" என்று தனியாக ஒன்று வரும். அது கிராஸோவர் இல்லை, 120இலேயே இருக்கட்டும். உங்கள் சென்டரும் பின்னால் இருப்பவையும் என்ன சைஸ் என்று நீங்கள் சொல்லவில்லை. 4 இஞ்ச் கோன் என்றால் அவற்றை மட்டும் 100 அல்லது 120க்கு ஏற்றுங்கள், டவர் 80இலேயே இருக்கலாம்.