மகனின் சிறுநீரகக் கல்

கேள்வி: 6 வயது மகனுக்கு இடது சிறுநீரகத்தில் 14 மி.மீ. கல். வெட்டித்தான் எடுக்கவேண்டுமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. 20 மி.மீ.க்கு உட்பட்ட கல்லை, உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலையால் உடைக்கலாம். பிள்ளை அசையக்கூடாது என்பதால் மயக்கமருந்து கொடுப்பார்கள். முதலில் சிறுநீரில் கிருமி உண்டா என்று பார்க்கவேண்டும். கிருமியோடு உடைத்தால் அது இரத்தத்தில் கலக்கக்கூடும். சிஸ்டீன் போன்ற இறுகிய கல் அதிர்வலைக்கு எளிதில் மசியாது. அப்போது முதுகுப்புறம் சுமார் 5 மி.மீ. துளையிட்டு, லேசரால் பொடியாக்கி எடுப்பார்கள்.

உள்ளே ஸ்டென்ட் (சிறுநீர் தடையின்றி வடிய வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தால் அகற்றும் திகதியைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். மறந்துபோனால் அதன்மேலேயே கல் படியும், பிறகு இரட்டை வேலை! வீடு வந்தபின் காய்ச்சலோடு விலாவலி என்றால், உடைந்த கல்துண்டுகள் சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாயை அடைத்திருக்கலாம். விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பழைய தேத்தண்ணி வடியொன்றில் சிறுநீரை வடித்து, கிடைக்கும் துண்டைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.