மடியில் சுளகு இருக்கும்போது ‘சும்மா இருக்கேன்’ என்றால் என்ன எழுதுவது?

சமூகவியல், சமூகக் கொள்கை படிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு, அரசுக் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் என் மகளுக்கு பி.காம். கிடைக்கவில்லை, பி.ஏ. சமூகவியல்தான் கிடைத்தது. முதலில் அழுதாள். இப்போது பிடித்திருக்கிறது என்கிறாள். சொந்தக்காரர்கள் ‘அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவா?’ என்று கேட்டு நச்சரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது? – ஒரு தாய், திண்டுக்கல்

பிடித்திருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள் அல்லவா, பாதிக் கவலையை விடுங்கள் அம்மா. மீதிப் பாதிக்கு நேரான பதில் சொல்கிறேன். பி.ஏ. சமூகவியல் முடித்த கையோடு அந்தப் பட்டத்துக்கென்றே ஒரு நாற்காலி காத்திருக்காது. மேலே எம்.ஏ.வோ சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ.வோ படித்தால் வழி விரியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் சமூகப் பணியாளர் இடங்களுக்குச் சமூகவியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலத்தை எடுக்கும் முன் அங்குள்ள மக்களின் வாழ்க்கையில் என்ன பாதிப்பு வரும் என்று ஆய்வு செய்யச் சொல்கிறது. அந்த ஆய்வுக் குழுக்களுக்கு ஆள் வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

இரண்டு விஷயம் மட்டும் அவளிடம் சொல்லுங்கள். முதல் ஆண்டிலேயே கணினியில் எக்செல் பழகட்டும். புள்ளியியல் தாளைப் பார்த்துப் பயந்து ஒதுங்க வேண்டாம். என்னிடம் படித்து நல்ல வேலைக்குப் போன பெண்களில் பெரும்பாலோர், ஊருக்குள் போய்ப் பேசவும் தெரிந்து, வந்து உட்கார்ந்து அட்டவணை போடவும் தெரிந்தவர்கள்.

கேள்வி: சமூகவியல், சமூகப்பணி, சமூகக் கொள்கை மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? – கல்லூரி மாணவர், கரூர்

ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் யார் குடும்பத் தலைவர், பிரிந்து வாழும் பெண் ஏன் தனி அட்டைக்கு அலைகிறாள் என்று கேட்பது சமூகவியல். அந்தப் பெண்ணோடு தாலுகா அலுவலகத்துக்குப் போய் அட்டை வாங்கித் தருவது சமூகப்பணி. அரிசியை எல்லோருக்கும் தருவதா, ஏழைகள் என்று பட்டியல் போட்டு அவர்களுக்கு மட்டும் தருவதா என்று ஆராய்வது சமூகக் கொள்கை. 1997-ல் நாடு முழுக்கப் பட்டியல் முறை வந்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் அட்டைதாரர் எல்லோருக்குமான முறையிலேயே நின்றது. அது ஏன், அதனால் என்ன நடந்தது என்ற கேள்விக்கே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

கேள்வி: தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் ஊர் எங்களுடையது. எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக எங்கள் ஊரிலேயே கேள்வித்தாளோடு போனேன். ‘தொழில்’ என்ற இடத்தில் பல பெண்கள் ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்கிறார்கள். வருமானம் கேட்டால் ‘இது என்னத்த பெரிய வருமானம்’ என்கிறார்கள். இதை அப்படியே பதியலாமா? சொந்த ஊரில் ஆய்வு செய்வது சரிதானா என்று என் வழிகாட்டி வேறு யோசிக்கிறார். – ஆய்வு மாணவர், தென்காசி மாவட்டம்

தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவர்கள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வில் கிடைத்த முதல் கண்டுபிடிப்பு அதுதான். மடியில் சுளகு, கையில் கத்தரி, பக்கத்தில் ஊறவைத்த இலை. அந்த நிலையில் ஒரு பெண் ‘சும்மா இருக்கேன்’ என்கிறார். வெளியே போய்ச் செய்தால்தான் வேலை, மாதம் பிறந்தால் வந்தால்தான் சம்பளம் என்று வீடும் ஊரும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. அதை எழுதிவிட்டு, தொழில் கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு வந்தீர்கள் என்றால் அந்தப் பெண்ணின் உழைப்பு உங்கள் அட்டவணையிலும் காணாமல் போகும். நாட்டின் பெரிய கணக்கெடுப்புகளிலும் பெண்களின் உழைப்பு இப்படித்தான் நழுவுகிறது. அதைப் பிடிக்கத்தான் ‘வேலை செய்கிறீர்களா’ என்று கேட்காமல், ஒரு நாளின் நேரம் எதெதற்குப் போனது என்று கேட்கும் கணக்கெடுப்பு வந்தது. 1998–99-ல் ஆறு மாநிலங்களில் சோதனை முறையில் நடத்தினார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. நாடு முழுவதும் முதன்முதலாக நடந்தது 2019-ல்.

நீங்களும் கேள்வியை உடைத்துக் கேளுங்கள். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீங்க? இலையை எப்ப நனைச்சீங்க? எத்தனை கட்டு முடிஞ்சது? கடையில் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி? கொடுத்த இலை போதுமா, குறைந்தால் யார் காசில் வாங்கினீங்க? சரியில்லை என்று எத்தனை பீடியைக் கழிச்சாங்க? கழித்ததைத் திருப்பித் தந்தாங்களா? இப்படி ஒவ்வொன்றாகப் போனால் வருமானம் தானாக வந்து நிற்கும், செலவு போக மிச்சமும் வரும். ‘மாத வருமானம் எவ்வளவு’ என்ற ஒற்றைக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இருக்காது. அவருக்குக் காசு வருவது மாதக் கணக்கில் அல்ல.

அப்புறம் பாஸ் புத்தகம், அதாவது சுற்றிக் கொடுத்த பீடிக் கணக்கைக் கடையில் பதிந்து தரும் புத்தகம். அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். யார் பேரில் இருக்கிறது? அதில் எழுதியிருக்கும் எண்ணிக்கை ஒருவர் சுற்றியதா, மாமியாரும் பள்ளி விட்டு வந்த மகளும் சேர்ந்து சுற்றியதா? பல வீடுகளில் புத்தகம் ஒன்று, கைகள் மூன்று. பீடித் தொழிலாளருக்கென்றே 1966-ல் ஒரு சட்டம் வந்தது, 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதியிலிருந்துதான் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, மருந்தகம் எல்லாம். பீடி மேல் விதித்த தனி வரிதான் அந்த நிதிக்கு ஊற்று. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். இத்தனை ஏற்பாடும் பேர் பதிந்த தொழிலாளிக்குத்தான். புத்தகத்தில் பேர் இல்லாத இரண்டு பேருக்கு பி.எஃப்.பும் கிடையாது, அடையாள அட்டையும் கிடையாது. உங்கள் படிப்பில் சமூகக் கொள்கை என்று ஒரு தாள் இருக்குமே, அதன் முழுப் பாடமும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

சொந்த ஊர் பற்றி உங்கள் வழிகாட்டி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ‘கூடாது’ என்பது அதற்குப் பதில் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைத்தான், பெரும்பாலும் அவரவர் ஊருக்கே, கிராம ஆய்வுக்கு அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, உங்களுக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்டான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1930-களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள், 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் போனார்கள். ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி மூன்றும் தொண்ணூறு ஆண்டுகளில் எப்படி மாறின என்று இன்று நம்மால் படிக்க முடிகிறது என்றால், தொடக்கம் மாணவர்கள் எழுதிய குறிப்புகள்.

கவனிக்க வேண்டியது வேறு. உங்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும், நீங்கள் எந்தத் தெரு என்பதும் தெரியும். ஒரு தெருவில் பாயை விரித்து உட்காரச் சொல்வார்கள், இன்னொரு தெருவில் வாசலோடு பேசி அனுப்புவார்கள். வெளியூர்க்காரருக்கும் இது நேரும். 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் தங்கியது அக்ரகாரத்தில். அதனால் ஆதி திராவிடர் குடியிருப்போடு தாராளமாகப் பழக முடியாமல் போனதை அவரே எழுதி வைத்தார். நீங்களும் எழுதுங்கள்: எந்த வீட்டில் உட்கார்ந்து பேச முடிந்தது, எங்கே முடியவில்லை, எந்த வீட்டில் கணவர் பக்கத்தில் நின்றதால் அந்த அம்மா வாயே திறக்கவில்லை. ஆய்வேட்டில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒன்றே ஒன்று மறக்கக் கூடாது. இலைக் குறைச்சல் பற்றியும் புத்தகம் பற்றியும் உங்களிடம் மனம் திறந்தவர் நாளை அதே கடைக்குப் போய் இலை வாங்கியாக வேண்டும். பேர், தெரு, கடையின் அடையாளம் எதுவும் ஏட்டில் வரக் கூடாது. மதிப்பெண்ணை விட அது பெரிது.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவள். எம்.ஏ.வில் கோட்பாடு எல்லாம் ஆங்கிலம். வெபர், தூர்கைம் பெயரைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. – மாணவி, தர்மபுரி

வெபர், தூர்கைம் போன்ற ஐரோப்பியச் சமூகவியல் முன்னோடிகளிடமிருந்து தொடங்காதீர்கள். 1916 மே மாதம், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் அம்பேத்கர் சாதி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதி தன்னைக் காத்துக்கொள்வதே சாதிக்குள் மட்டும் திருமணம் என்ற விதியால்தான் என்று படிப்படியாக நிறுவுவார். அம்பேத்கர் எழுத்துகளின் தமிழ்த் தொகுதியில் அது கிடைக்கிறது. ஒரு கேள்வியை எடுத்து, பிறர் சொன்னதை மறுத்து, தன் விடைக்கு வருவது எப்படி என்று அதில் பிடிபடும். அடுத்து, ஆள் பலமும் நில பலமும் கொண்டு ஊரில் கை ஓங்கிய சாதியை ‘ஆதிக்க சாதி’ என்று சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் சொன்னதைப் படியுங்கள். மைசூருப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1948-ல் தங்கி அவர் பார்த்தவற்றை உங்கள் ஊரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டையும் முடித்துவிட்டு தூர்கைமிடம் போங்கள். ஆங்கிலம் அப்போதும் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் எதைத் தேடுகிறார் என்பது தெரிந்திருக்கும். வகுப்பில் தமிழில் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள் மகளே. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: தொண்டு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் சமூகக் கொள்கையில் முதுகலை படிக்க ஆசை. செலவு தாங்குமா, பயன் உண்டா? – வாசகர், சென்னை

அங்கே முதுகலை பெரும்பாலும் ஒரே ஆண்டு. கட்டணம் பெரிது, கடன் வாங்கிப் போக நான் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்கிறது. படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தினருக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் 2022-ல் வந்த அதன் வழிகாட்டு நெறிகள், இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளுக்கு இடமில்லை என்றன. சாதியின் சுமையைத் தாங்கிய குடும்பத்துப் பிள்ளை வெளிநாட்டில் போய் அதையே ஆராயக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறைகளை வரிக்கு வரி படித்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.

பயன் உண்டு. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1950-ல் இந்தத் துறையின் முதல் பேராசிரியரான ரிச்சர்ட் டிட்மஸ் பல்கலைக்கழகப் பட்டமே பெறாதவர். நேரில் பார்த்ததையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்து வாதம் கட்டும் மரபு அங்கே உண்டு. ஆனால் பாடத்தின் பெரும்பகுதி அவர்களின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமிட்ட 1942-ன் பெவரிட்ஜ் அறிக்கை, 1948-ல் வந்த தேசிய சுகாதார சேவை என்று அவர்கள் கதையாக இருக்கும். நம்முடையதைக் கையோடு எடுத்துப் போங்கள். 1920-களில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் போட்ட சோறு, 1956-ல் காமராஜர் ஆட்சியில் வந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சேர்ந்த முட்டை, 2022-ல் காலை உணவு. நூறு ஆண்டுத் தொடர்ச்சி இது. ஏன் ஒவ்வொரு ஆட்சியும் அதை விடாமல் வளர்த்தது என்று ஒரு கட்டுரை எழுதத் தயாராகப் போனால் வகுப்பில் உங்கள் பேச்சைக் கேட்க ஆள் இருக்கும்.

கேள்வி: யூ.பி.எஸ்.சி. விருப்பப் பாடமாக சமூகவியல் எடுத்தால் எளிது என்கிறார்களே? – வாசகர், நாமக்கல்

இரண்டு தாள், 500 மதிப்பெண். பாடத்திட்டம் சிறியது என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். தமிழிலும் எழுதலாம். பழைய வினாத்தாள் இரண்டை எடுத்து, இந்தியச் சமூகம் பற்றிய இரண்டாம் தாளில் ஐந்து கேள்விக்கு எழுதிப் பாருங்கள். எழுத எழுத இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றினால் எடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பட்டத்துக்குப் படித்த பாடத்திலேயே நில்லுங்கள்.