டயானாவின் உடைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளவரசி டயானாவின் 1981 படங்களையும் 1997 படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முன்னதில் ஃப்ரில்லும் ரிப்பன் முடிச்சும். பின்னதில் அலங்காரமே இல்லாத கோட்டும் கவுனும். வயதோடு ரசனை மாறியதா, பத்திரிகைகள் மாற்றினவா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

ரசனை மாறியது உண்மை. ஆனால் பல மாற்றங்களுக்கு முன்னால் சொதப்பிய ஒரு புகைப்படம் இருக்கிறது.

1980 செப்டம்பரில், வேலை பார்த்த நர்சரி பள்ளியில் மெல்லிய பாவாடையோடு நின்றார். வெயில் பின்னாலிருந்து அடித்தது, உள்ளே லைனிங் இல்லை, கால்கள் முழுக்கத் தெரிந்தன. (உள்பாவாடை கட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.) அடுத்த மார்ச்சில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் நடந்த நிகழ்ச்சிக்குத் தோள்பட்டை இல்லாத கறுப்பு டாஃபெட்டா (மினுமினுப்பான விறைப்புத் துணி) கவுன். அரச குடும்பத்தில் கறுப்பு துக்கத்துக்கானது என்பது ஒரு கண்டனம். கவுனின் வெட்டு இன்னும் பெரிய சிக்கல்: நிற்கும்போது ஒழுங்காக இருக்கும் கவுன் கழுத்து, காரிலிருந்து குனிந்து இறங்கும்போது அப்படி இருக்காது; கேமராக்கள் காத்திருப்பதோ கார் கதவருகில்தான். பிற்காலப் படங்களில் இறங்கும்போதெல்லாம் சிறிய கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பார். அந்தப் பையின் முக்கிய வேலையே அதுதான்.

கல்யாண உடையில் தவறு துணியில். பட்டு டாஃபெட்டா விறைப்பானது, மடித்தால் மடிப்பு நின்றுவிடும். அதில் பின்னால் தரையில் இழுபடும் 25 அடி நீள வாலை வைத்து, அப்பாவோடு ஒரே வண்டிக்குள் உட்கார வைத்தால் கசங்காமல் என்ன செய்யும்? வடிவமைத்த இமானுவல் தம்பதியே கல்யாணம் நடந்த செயின்ட் பால்ஸ் தேவாலய வாசலில் நீவிவிட வேண்டியிருந்தது.

வோக் பத்திரிகையின் அன்னா ஹார்வி ஆரம்பத்தில் உடை தேர்ந்தெடுக்க உதவினார். ஆனாலும் நீங்கள் கவனித்த மாற்றத்தில் பெரும்பங்கு உடை வடிவமைப்பாளர் கேத்தரின் வாக்கருடையது. 5 அடி 10 அங்குல உயரப் பெண்ணுக்கு ஃப்ரில் வைத்தால் படத்தில் அகலம்தான் கூடும். வாக்கர் அதை எடுத்துவிட்டு, தோளிலிருந்து கீழே ஓடும் நீளமான வெட்டுக்கு வந்தார்.

அரச குடும்பப் பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் அணியும் கையுறையைக் கைவிட்டது விமர்சனத்துக்குப் பயந்து அல்ல. 1987இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளியின் கையை வெறுங்கையால் பிடித்தார்; தொட்டாலே பரவும் என்று பலர் பயந்த காலம் அது. அங்கே படம் எடுக்கப்படும் என்பதையே பயன்படுத்திக்கொண்டார்.

1994 ஜூன் 29 அன்று பிரிந்திருந்த கணவர் சார்லஸ் தன் திருமணத்துக்கு வெளியேயான உறவை ஒப்புக்கொண்ட தொலைக்காட்சிப் பேட்டி ஒளிபரப்பான அதே இரவு, கிறிஸ்டினா ஸ்டம்போலியன் தைத்த குட்டைக் கறுப்பு உடையில் லண்டனின் செர்பன்டைன் ஓவியக் கேலரிக்குப் போனார். வாங்கி மூன்று வருடம் துணிச்சல் வராமல் அலமாரியில் வைத்திருந்தது. மீண்டும் கறுப்பு, மீண்டும் திறந்த தோள். 1981இல் கண்டித்ததை இப்போது பத்திரிகைகள் கொண்டாடின.

1997 ஜனவரியில் அங்கோலாவின் கண்ணிவெடி வயலில் சட்டை, பருத்திப் பேன்ட், மேலே பாதுகாப்புக் கவசம். ஜூனில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 79 உடைகளை விற்று, கிடைத்த 32.5 லட்சம் டாலரை எய்ட்ஸ், புற்றுநோய் அமைப்புகளுக்குக் கொடுத்தார். அதிக விலை, 2,22,500 டாலர், வெள்ளை மாளிகையில் ஜான் டிரவோல்டாவோடு ஆடியபோது உடுத்திய நீல வெல்வெட்டுக்கு.